புத்தகத்தில 8, பிளேற்றில 3: பழைய கார் பதிவில உங்கட அனுபவம்?

கொக்குவில் மைனர்:
எங்கட மொறிஸ் மைனர் 1960ஆம் ஆண்டுக் கார், சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். ஐயா மோசம் போனாப்பிறகு என்ரை பேருக்கு மாத்த வெளிக்கிட்டன். 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில ஐயா காரைக் கராஜுக்குள்ள விட்டிட்டு, காரின்ரை பதிவுப் புத்தகத்தை மட்டும் சொப்பிங் பையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு போனவர். நாவற்குழிப் பாலத்தில மழைக்க நிண்ட ஈரம் இண்டைக்கும் அந்த ஒற்றையளில கறையாக் கிடக்கு.

பதிவுக் கந்தோர்ப் பரிசோதகர் பொனற்றைத் திறந்து, உள்ளுக்க சேசி நம்பர் பொறிச்ச பிளேற்றுக்கு மேல துண்டுப் பேப்பரை வைச்சுப் பென்சிலால தேய்ச்சார். எம்ஏஎஸ்3 எண்டு முன்னுக்கு வடிவா வந்துது; அந்த 3, மூண்டாம் சீரிஸ் மைனர் எண்ட குறி. பின்னுக்கு வந்த இலக்கங்களில கடைசிக்கு முந்தினது 3. புத்தகத்தில 8. பேப்பரையும் புத்தகத்தையும் மட்காட்டுக்கு மேல பக்கத்தில பக்கத்தில வைச்சிட்டு, "தம்பி, இது அப்பாவின்ரை கார்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?" எண்டார். பின் சீற்றில நான் சின்னனில பல்லால கடிச்ச அடையாளம் இருக்கு எண்டு சொல்ல வாய் வந்துது. சொல்லேல்லை.

நித்திரை வராததுக்குக் காரணம் வேற. போன மாதம் அந்தப் பிளேற்றைச் சாண்ட் பேப்பர் போட்டு மினுக்கினது நான்தான். 8இன்ரை இடப்பக்கத்தை நானே தேய்ச்சுப்போட்டனோ?

ஒஸ்ரின்காரன்:
என்ரை கதை பதிவுக்கு உதவாது, எண்டாலும் சொல்லுறன். அப்பப்பாவின்ரை ஒஸ்ரின் ஏ55, 1957இல பதிஞ்சது. நம்பர் பிளேற்றில பெயின்ற் பொருக்கு வெடிச்சிருந்துது, நகத்தால உரிச்சன். சிங்கள ஸ்ரீக்கு அடியில, தூரிகையால கையால எழுதின தமிழ் 'ஸ்ரீ'. நம்பர் பிளேற்றில சிங்கள ஸ்ரீ போடுறதுக்கு எதிரா அந்த வருசம் நடந்த ஸ்ரீ எதிர்ப்பில எங்கட ஆக்கள் எழுதிக்கொண்டு ஓடினதுதான். அப்பப்பா அதைப்பற்றி வாயே திறக்கேல்லை. பெயின்ற் வாங்கி வைச்சிருந்தனான், இன்னும் அடிக்கேல்லை.

கராஜ் பக்கம்:
ஒஸ்ரின் அண்ணை, நல்ல கதை. பொடியனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கொக்குவில் தம்பி, சாண்ட் பேப்பர் போட்டது பெரிய பிழை. மண்ணெண்ணெயில நனைச்ச துணியோட நிப்பாட்டியிருக்கோணும். பென்சில் தேய்ப்பை நாலைஞ்சு தரம் மெல்லிய பேப்பரில எடுங்கோ; தேய்ஞ்ச 8 எண்டால் இடப்பக்க வளைவு ஒருக்காலாவது நிழலாத் தெரியும். மற்றது, பரிசோதகரைக் குறை சொல்லேலாது. மைனருக்குத் தனிச் சேசி, அதாவது அடிச் சட்டம், இல்லை; கார் பொடியே சேசி. அந்தப் பிளேற்றைக் கழட்டி இன்னொரு மைனரில பூட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? எஞ்சின் நம்பரையும் பாருங்கோ. உங்கட வருசத்துக்கு 948 சிசி, 9எம் எண்டு துவங்கோணும். 10எம்ஏ எண்டால் 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சின். சண்டைக்குள்ள பெற்றோல் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில ஓடி எஞ்சின் சீவன் போய், கிடைச்சதைத் தூக்கிப் போட்ட கார்தான் இஞ்ச கனக்க. என்னட்டை வந்த ஒரு அக்காவின்ரை காரும் அப்பிடித்தான். மனுசன் எஞ்சின் மாத்தினது அவவுக்கே தெரியாது.

இங்கிலாந்தில கேய்டன் எண்ட இடத்தில பிரித்தானிய மோட்டார் நூதனசாலை இருக்கு. மைனருகளின்ரை தொழிற்சாலைப் பேரேடு அவையிட்ட. காசு கட்டினால் நம்பரைப் பார்த்து, கட்டின திகதி, எஞ்சின் நம்பர், நிறம் எல்லாம் போட்டுச் சான்றிதழ் தருவினம். உங்கட காரைச் சுரண்டினா அடியில என்ன நிறம் வருகுது எண்டு அதோட ஒத்துப் பாக்கலாம். பழைய இன்சூரன்ஸ் கடுதாசி இருந்தா அதிலயும் நம்பர் இருக்கும். ஆராவது "புதுப் பிளேற்று அடிச்சுத் தாறன்" எண்டு வந்தா, கிட்டவும் எடுக்காதேங்கோ.

ரொறொன்ரோ தம்பி:
கேய்டன் சான்றிதழைக் கந்தோரில நீட்டினா "உது ஆர் தந்தது?" எண்டுதான் கேப்பினம். கார் ஆற்றை எண்டு இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியுமே?

கராஜ் பக்கம்:
நான் நம்பருக்குச் சொன்னனான், உரித்துக்கு இல்லை. வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ.

ரொறொன்ரோ தம்பி:
சரி, சரி. கொக்குவில், உந்தப் புத்தகத்தைக் கையால நிரப்பின கிளாக்கர் அதில வேற எங்கயாவது 3 எழுதியிருக்கிறாரோ? அதோட ஒத்துப் பாருங்கோவன்.

கொக்குவில் மைனர்:
இப்பதான் டோர்ச் பிடிச்சுப் பார்த்தன். எம்ஏஎஸ்3 எண்டு இருக்க வேண்டிய இடத்தில எம்ஏஎஸ்8 எண்டு கிடக்கு! கிளாக்கரின்ரை 3இன்ரை கீழ் வால் சுழிச்சு மேல வந்து முட்டுது, அதுக்கு மேல மழைக் கறை. எட்டாம் சீரிஸ் எண்டு ஒரு மைனர் வந்ததே இல்லைத்தானே, கராஜ் அண்ணை? ஐயாவும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை.

எஞ்சின் 9எம்தான். திங்கள் திரும்பப் போறன், ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டு. பின் சீற்றைப் பற்றிக் கதைக்க மாட்டன்.