ஒரே சதுரங்க ஆட்டத்தில் 97 சதவீதத் துல்லியம்: எதிராளி இன்ஜின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) உதவி பெற்றார் என்று கொள்ளலாமா?

நடுஆட்டம் (கேள்வி):
இணையத்தில் பத்து நிமிடச் சதுரங்க ஆட்டங்கள் ஆடி வருகிறேன். என் ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்) 1500-ஐ ஒட்டியது, எதிராளியுடையதும் அவ்வளவே. அண்மையில் நான் தோற்ற ஓர் ஆட்டத்தை ஆய்வு செய்தபோது, அவருடைய துல்லியம், அதாவது இன்ஜினின் சிறந்த நகர்வுகளை எவ்வளவு நெருங்கி ஆடினார் என்ற அளவு, 97 சதவீதம் என்று தளம் காட்டியது. புகார் அளித்தும் நடவடிக்கை எதுவும் இல்லை. நகர்வுகள் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினின் முதல் தேர்வோடு எத்தனை முறை ஒத்துப்போகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடாதா? தளங்கள் எதை வைத்து முடிவு செய்கின்றன?

கறுப்புமந்திரி:
வெறும் எண்ணிக்கை போதாது. மனப்பாடமாக ஆடப்படும் தொடக்க நகர்வுகள், வெட்டிய காயைத் திரும்ப வெட்டுவது போன்ற கட்டாய நகர்வுகள், வெற்றி உறுதியான பிறகு ஆடப்படும் எளிய நகர்வுகள் ஆகிய எல்லாமே துல்லியத்தை உயர்த்திக் காட்டும். நீங்கள் பதினைந்தாவது நகர்விலேயே ஒரு யானையை இழந்திருந்தால், அதன்பின் எதிராளி எதை ஆடினாலும் பெரும்பாலும் சரியாகவே அமையும். இவற்றை நீக்கினால், உண்மையில் சிந்திக்க வேண்டியிருந்த நகர்வுகள் ஓர் ஆட்டத்தில் மிகச் சிலவே எஞ்சும். அவற்றைக் கொண்டு யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

இத்தகைய மோசடியைக் கண்டறியும் துறையில் நெடுங்காலம் உழைத்தவர், பஃபலோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியரும் சர்வதேச மாஸ்டருமான கென்னத் ரீகன். அவருடைய முறை, குறிப்பிட்ட ரேட்டிங் உள்ள ஒருவர் ஒவ்வொரு நிலையிலும் எந்த நகர்வை எந்த நிகழ்தகவோடு ஆடுவார் என்று கணித்து, பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கையில் அவர் உண்மையில் ஆடியது அந்த எதிர்பார்ப்பிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (தற்செயலாக ஏற்படும் இயல்பான விலகலின் அளவு) தள்ளி நிற்கிறது என்று அளக்கிறது. நிலையின் கடினத்தையும் ஆடுபவரின் வலிமையையும் ஒன்றாகக் கணக்கில் எடுப்பதுதான் இதன் சிறப்பு.

எண்கணக்கு:
அந்த விலக்கத்துக்கு ஏன் மிக உயரமான வரம்பு தேவை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று திட்டவிலக்கத்தை மீறுவது தற்செயலாக நிகழ ஏறத்தாழ 740-க்கு 1 என்ற வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் நேர்மையானவர்களைச் சோதித்தால், ஒரு தவறும் செய்யாத 135 பேர் சிக்குவார்கள். நான்கு திட்டவிலக்கம் என்றால் அது மூன்று பேராகக் குறையும். அந்த மூவருக்கும் அது பேரநீதிதான்.

தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும் இதே பிழையில்தான் முடியும். 2023 நவம்பரில், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா இணையத்தில் 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்த ஒரு தொடரை முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் கேள்விக்குள்ளாக்கினார். அந்த ஆட்டங்கள் நடந்த தளமான செஸ்.காம் ஆராய்ந்து, மோசடிக்குச் சான்று இல்லை என்றது. பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடும் ஒருவர், தம்மைவிடப் பலவீனமானவர்களோடு தொடர்ந்து மோதும்போது, அத்தகைய நீண்ட தொடர் எங்கேனும் தோன்றவே செய்யும். உங்கள் 97 சதவீதமும் இப்படித்தான்: அவருடைய மற்ற ஆட்டங்களில் 60, 70 என்று இருந்தவை உங்கள் கண்ணில் படவில்லை.

இரவுக்குதிரை:
நகர்வுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதர் கட்டாய நகர்வை உடனே ஆடுவார். பின்னர் கிடைக்கும் ஆதாயத்துக்காக ஒரு காயைப் பலி கொடுக்கும் சிக்கலான நகர்வுக்கு முன் தயங்குவார். எளியதற்கும் கடினமானதற்கும் ஒரே ஏழெட்டு வினாடி எடுப்பது, பல ஆட்டங்களில் தொடர்ந்தால், வலுவான அறிகுறி. லிசெஸ் தளம் பயன்படுத்தும் இர்வின் என்ற நரம்பணு வலைப்பின்னல் நிரல் (தரவுகளிலிருந்து தானே கற்கும் செயற்கை நுண்ணறிவு), இன்ஜின் ஆய்வோடு இந்த நேரத்தையும் கருதுகிறது.

ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு இக்கட்டான இடத்தில் மட்டும் இன்ஜினைப் பார்ப்பவரைப் பிடிப்பது மிகக் கடினம். வலிமையான ஆட்டக்காரருக்கு அந்த ஒரு நகர்வே போதும். எனக்குக் கவலை தருவது இவர்கள்தான், எல்லா நகர்வையும் இன்ஜினிடம் கேட்கும் தொடக்கநிலை மோசடிக்காரர்கள் அல்லர்.

நடுஆட்டம்:
அப்படியானால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

கறுப்புமந்திரி:
அவருடைய அண்மைய தோல்விகளைப் பாருங்கள். உங்களோடு ஆடியவர் அங்கே இரண்டு நகர்வுத் தந்திரத்தைக் கூடத் தவறவிட்டு, மறு ஆட்டத்தில் மாஸ்டர் போல ஆடுகிறார் என்றால், அந்த ஆட்டங்களின் இணைப்புகளைப் புகாரில் சேர்த்து அனுப்புங்கள். பொது அரட்டையில் அவர் பெயரை எழுத வேண்டாம்.