நெருக்கி விதைத்த உளுந்து: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரே அளவுள்ள காகிதக் குவளைகளில் 1, 5, 20 என்ற எண்ணிக்கையில் உளுந்து ஊன்றியிருந்தேன். நெருக்கமாக ஊன்றினால் முளைப்பு குறையும் என்பது என் கருதுகோள். ஆனால் எல்லாக் குவளைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே முளைத்திருக்கிறது. விதைகளுக்குள் போட்டியே இல்லை என்று எழுதிவிடலாமா, அத்தை?

அத்தை: அவசரப்படாதே, பாப்பா. முளைப்பதற்கு உளுந்துக்கு நீரும் காற்றும் தகுந்த வெப்பமும் இருந்தால் போதும். மண்ணின் சத்தையும் வெளிச்சத்தையும் அது அப்போது எதிர்பார்ப்பதில்லை. அதன் இரண்டு பருப்புகளே அதற்குக் கட்டுச்சோறு. அந்தச் சோறு தீர்ந்து, பருப்புகள் சுருங்கி உதிரும் வரை பக்கத்து விதையால் அதற்குப் பெரிய இடைஞ்சல் கிடையாது. போட்டியை முளைப்பு எண்ணிக்கையில் தேடாமல், இனிமேல் வரும் வளர்ச்சியில் தேடு.

தாத்தா: நெருக்கம் முளைப்பையே கெடுக்கும் இடமும் உண்டு. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச்சாக்கில் இறுகக் கட்டி வைத்தால், மறுநாள் கையை உள்ளே விடும்போது நடுவில் சூடு தெரியும். அவிழ்த்துப் புரட்டி, தண்ணீர் தெளிக்காமல் விட்டால் நடுவிலுள்ள நெல் அவிந்து, புளித்த வாடை அடித்துவிடும். ஓரத்து நெல்தான் ஒழுங்காக முளைக்கும்.

அத்தை: அப்பா சொல்வது மிகச் சரி. முளைக்கும் விதை வேகமாகச் சுவாசிக்கிறது; அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமலும் காற்று போதாமலும் போவதால்தான் நடுவிலுள்ளவை கெடுகின்றன. குவளையில் அவ்வளவு நெருக்கம் இல்லை என்பதால் நீ அதைக் காணவில்லை.

சித்தப்பா: அக்கா, சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்து தெளிக்கிறோமே, அது அந்த நிழலிலும் முளைத்து வருவது இதனால்தானா?

அத்தை: அதேதான், தம்பி. கட்டுச்சோறு தீரும் நேரத்தில் மேலே நிற்கும் நெல்லை அறுத்துவிடுகிறோம், வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. அறுவடை தள்ளிப்போனால் உளுந்து வெளுத்து, கொடிபோல நீண்டுவிடுவதை நீயே பார்த்திருப்பாய். டெல்டாவின் நெல் தரிசு உளுந்து முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பாப்பா, உன் கண்காட்சி அட்டையில் இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நான்: 20 விதைக் குவளையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். தண்டுகள் நூலைப் போல மெலிந்து, எல்லாம் சன்னல் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. குவளையைக் கிழித்துப் பார்த்தபோது வேர்கள் அடியில் வட்டமாகப் பின்னிக்கொண்டு, பிரிக்க வராத மெத்தையாக இருந்தன. ஒற்றைச் செடியோ குட்டையாக, தடித்த தண்டுடன் முதல் இலைகளை அகல விரித்திருக்கிறது.

அத்தை: அங்கேதான் போட்டி இருக்கிறது. உயரத்தை மட்டும் அளந்தால் நெருக்கத்தில் வளர்ந்த செடியே நன்றாக வளர்ந்ததாகத் தோன்றி ஏமாற்றிவிடும். ஆகையால் மண்ணைக் கழுவி, உலர்த்தி, எடை பார். ஒரு செடியின் எடையையும் குவளையின் மொத்த எடையையும் தனித்தனியாக எழுது. 1950களில் ஜப்பானில் கிரா என்ற சூழலியல் அறிஞர் முதலானோர் சோயாவை வெவ்வேறு நெருக்கத்தில் வளர்த்து, ஓர் அளவுக்கு மேல் செடிகளைக் கூட்டினாலும் மொத்த எடை கூடுவதில்லை, ஒவ்வொரு செடியும் சிறுத்துத்தான் போகிறது என்று காட்டினார்கள். நீ இன்னும் சில வாரங்கள் வளர்த்தால் அதன் சாயல் உனக்கும் தெரியக்கூடும்.

தாத்தா: நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே. நாற்று நெருங்கினால் அடியிலிருந்து பக்கத்தண்டுகள் கிளைக்காது, அதாவது தூர் கட்டாது.

சித்தப்பா: ஒற்றை நாற்று முறையில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டபோது எங்கள் வயலிலும் அதைக் கண்ணால் கண்டேன், ஆரம்பத்தில் வயல் வெறுமையாகத் தெரிந்ததால் பக்கத்து வயல்காரர்கள் கவலைப்பட்டார்கள், பிறகு ஒவ்வொரு குத்தும் தூர் வெடித்து இடத்தை நிரப்பிவிட்டது. பாப்பா, நெல்லோடு, வயலில் களையாக வரும் குதிரைவாலிப்புல்லையும் சேர்த்து விதைத்துப் பார்க்கக் கூடாதா? எங்களுக்கு உண்மையான போட்டி அதனோடுதான்.

நான்: செய்கிறேன், சித்தப்பா. தனி நெல் 10, தனிப் புல் 10, இரண்டிலும் 5 வீதம் கலந்து என்று மூன்று வகைக் குவளைகள் வைத்தால் சரியாக இருக்குமா, அத்தை?

அத்தை: மிகச் சரி, மொத்த எண்ணிக்கை மாறாததால், குறைவது நெருக்கத்தாலா புல்லாலா என்று பிரித்தறியலாம். ஆனால் ஒவ்வொரு வகையிலும் ஒரே குவளை வைக்காதே. ஒற்றை விதை முளைக்காவிட்டால் முளைப்பு சுழியம் என்றாகிவிடும். விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதைகளை வைத்துப் பார்ப்பது அதனால்தான். சான்று பெற்ற உளுந்துக்கே குறைந்த அளவு முளைப்பு 75 விழுக்காடுதான். ஆகவே ஒற்றை விதைக் குவளைகள் மட்டும் நிறையவே இருக்கட்டும். சன்னலோரத்தில் எல்லாக் குவளைகளின் இடத்தையும் நாள்தோறும் மாற்றி வை.

சித்தப்பா: புல் விதையை நாளை வரப்பிலிருந்து உருவிக் கொண்டு வருகிறேன், பதரை ஊதிவிட்டு, முதலில் அது முளைக்கிறதா என்று ஈரத்துணியில் போட்டுப் பார்த்துக்கொள்.