'தன்னுகர்வு' சரிவருமா? எலிகளும் ஓபியாய்டு ஆவியும்

வணக்கம். ஆய்வில் விலங்கு போதைப்பொருளைத் தானே எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் self-administration என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு என் பதில் இது.

> 'சுய மருந்தளிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் 'சுய மருத்துவம்' என்று புரிந்துவிடும். இங்கே நோயும் இல்லை, மருந்தளிப்பும் இல்லை.

நடப்பது இதுதான். மூடிய பெட்டிக்குள் எலி, சுவரில் இரண்டு துளைகள். ஒன்றில் மூக்கை நுழைத்தால், மின் சிகரெட்டில் இருப்பது போன்ற சூடேற்றி இயங்கி, ஃபென்டனில் அல்லது சுஃபென்டனில் என்ற ஓபியாய்டு (அபினி போல வலி போக்கி, போதையும் தரும் மருந்து) கலந்த ஆவி சற்று நேரம் உள்ளே வரும். மற்றதில் எத்தனை தடவை மூக்கை விட்டாலும் ஒன்றும் வராது. எலி எந்தத் துளையைத் தேடிப் போகிறது, எவ்வளவு மெனக்கெடுகிறது என்பதைத்தான் கணக்கெடுக்கிறார்கள். அதே ஆவியை ஆய்வாளரே திறந்துவிட்டால் எலி அதே காற்றைத்தான் சுவாசிக்கும், ஆனால் அது வேறு ஆய்வு. ஆகவே நம் சொல்லில் 'தான்' கட்டாயம் வேண்டும்.

'தற்செலுத்துகை' என்ற இன்னொரு பரிந்துரை, மருந்தை நேரே இரத்தக் குழாயில் ஏற்றும் சிரைவழி முறைக்குப் பொருந்தும். 1962-இல் வீக்ஸ் என்ற ஆய்வாளர் மார்ஃபினை வைத்துச் செய்த ஆய்வு அந்த வகை. கழுத்துச் சிரையில் மெல்லிய குழாயைப் பொருத்த வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த எலியோடு வேலை முடிந்தது. ஆவி முறையில் அறுவையே கிடையாது, அதனால் நீண்ட நாள் ஆய்வுக்கு வசதி. 2018-இல் வெளியான சுஃபென்டனில் ஆய்வில், 12 மணி நேரம் ஆவி கிடைத்த எலிகள் எடுக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போயின. 1 மணி நேரம் கிடைத்தவை அப்படிச் செய்யவில்லை. இந்தக் கூடுதலுக்கு 'நுகர்வேற்றம்' என்று வைக்கலாம்.

ஆவியை எலி செலுத்துவதில்லை, வரவழைத்து முகர்கிறது. என் பரிந்துரை 'தன்னுகர்வு'. நுகர்தலுக்கு முகர்தல், துய்த்தல் என இரண்டு பொருளும் இருப்பதால் ஆவிக்கும் சிரைவழிக்கும் ஒரே சொல் போதும். ஆய்வாளர் திறந்துவிடுவது 'திணிப்பு நுகர்வு'.

'ஓபியாய்டு ஆவி' என்பதற்கு 'அபினி ஆவி' வேண்டாம். ஃபென்டனில் கசகசாச் செடியிலிருந்து வருவதில்லை, முழுக்கச் செயற்கை. ஓபியாய்டு அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. 'தன்னுகர்வு' புதிதாகத் தெரிகிறது என்றால் 'தானே நுகர்தல்' என்று விரித்து எழுதலாம். 'தானாக நுகர்தல்' மட்டும் கூடாது. கருவிதான் தானாக இயங்குகிறது, எலி இல்லை.