விபத்து வழக்கில் கைகொடுத்த 555 நோட்டு

பட்டர்வொர்த் அக்கா:
என் தம்பி வெல்டிங் பட்டறையில் தினக்கூலி. இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது சிக்னல் அருகே ஒரு கார் பக்கவாட்டில் வந்து இடித்துவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது மலேசியச் சட்டம். அவன் ஆபரேஷனில் இருந்ததால் காலையிலேயே நான் போய்ச் செய்தேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஒருவர் ஆரஞ்சுப் பையோடு வந்தார். "நாங்க பார்த்துக்கிறோம் அக்கா, கேஸ் ஜெயிச்சா மட்டும் லோயருக்குக் கொடுங்க" என்று தம்பி கையில் பேனாவைத் திணித்தார். அரை மயக்கத்தில் அவனும் கையெழுத்துப் போடப் போனான். நான் பிடுங்கிவிட்டேன். ஜெயித்தால்தான் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போட 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வார்டில் யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாங்களாகத் தேடிப் போன வழக்கறிஞர் போலீஸ் ரிப்போர்ட், விபத்து இடத்தின் வரைபடம், போலீஸ் விசாரணை முடிவு, மருத்துவ அறிக்கை எல்லாம் கேட்டார். அலைந்து வாங்கிவிட்டோம். சம்பளச் சீட்டு கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டோம். முதலாளி கையில் காசாகக் கொடுப்பார். இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எதுவும் கட்டியதில்லை. விபத்துக்கு முன் உழைத்துச் சம்பாதித்ததைக் காட்டினால்தான் வருங்கால வருமான இழப்பைக் கேட்க முடியும். வயதும் 60க்குள் இருக்க வேண்டும். 2019க்கு முன் அது 55. தம்பிக்கு 31தான், காகிதம்தான் இல்லை.

அம்மா அலமாரியிலிருந்து அவனுடைய 555 நோட்டை, சட்டைப் பையில் வைக்கும் அந்தச் சின்னக் கணக்கு நோட்டை, எடுத்து வந்தார். தேதி, என்ன வேலை, எத்தனை வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்று நாள் தவறாமல் பென்சிலில் எழுதியிருந்தான். பக்க ஓரமெல்லாம் கிரீஸ் விரல் பதிவு. எதிர்த் தரப்பு வழக்கறிஞர், பென்சில் எழுத்தை அழித்து எழுதலாமே என்று துருவினார். பட்டறையில் கூட வேலை செய்த அண்ணன் ஒருவர் சாட்சி சொல்ல வந்ததால் தப்பித்தோம். தம்பி மீதும் கொஞ்சம் தவறு என்று நஷ்டஈட்டில் 20 விழுக்காடு கழித்துத்தான் தீர்ப்பானது.

பிறை வாசி:
வழக்குப் போடும் காலக்கெடுவையும் சொல்லுங்கள் அக்கா. பொதுவாக 6 வருடம். என் மாமா அதை நம்பி உட்கார்ந்திருந்தார். அவரை இடித்தது அரசாங்க லாரி; அரசாங்கத்தின் மீது வழக்கு என்றால் 36 மாதம்தான். நான்காம் வருடம் போய் நின்றார், ஒன்றும் செய்ய முடியவில்லை. விபத்தில் இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் நஷ்டஈடு கேட்கவும் 3 வருடம்தான்.

தாமான் தங்கை:
அக்கா, என் வீட்டுக்காரருக்கும் கைக்காசுதான். 555 நோட்டு போதுமா?

பட்டர்வொர்த் அக்கா:
அது மட்டும் போதாதும்மா. சம்பளத்தை வாரா வாரம் பேங்கில் போடச் சொல்லுங்கள். தம்பி இப்போது பேனாவில் எழுதுகிறான், மாதக் கடைசியில் முதலாளியிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறான்.