அடுத்தவர் வீசிய பிளாஸ்டிக்கைப் பிள்ளைகள் ஏன் பொறுக்க வேண்டும்?

கரையோரன்
நான் ஓர் இளைஞர் குழு நடத்துகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, பதின்வயதுப் பிள்ளைகள் இருபது முப்பது பேரோடு ஆற்றங்கரையில் இறங்கிப் பை, பாட்டில், ஸ்ட்ரா என்று கிடப்பதையெல்லாம் பொறுக்குவோம். போன வாரம் ஒரு பிள்ளையின் அப்பா கேட்டார்: "கம்பெனிக்காரன் தயாரிக்கிறான், யாரோ வீசுகிறான், என் மகள் ஏன் குனிய வேண்டும்?" இந்த வயதில் கையால் செய்தது மனதில் நிற்கும் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் சிறுவர்களால் பெரிய மாற்றம் வந்திருக்கிறதே. பாலித் தீவில் மெலாட்டி, இசபெல் விஜ்சன் சகோதரிகள் 2013-ல் பிளாஸ்டிக் பைக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது அவர்களுக்கு வயது 12, 10. 2019-ல் அங்கே பை, ஸ்ட்ரா, தெர்மாகோல் மூன்றுக்கும் தடை வந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நேர்கோடு
அந்த அப்பா கேட்டது சரியான கேள்வி.

1950 முதல் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையாகிப் போனதில் மறுசுழற்சி கண்டது 9 சதவீதம்தான் என்று 2017-ல் வந்த ஆய்வு சொல்கிறது. குழாய் திறந்து கிடக்க, தரையைத் துடைக்கப் பிள்ளைகளை அனுப்புகிறோம். இந்தப் பழி மாற்றம் பழைய கதை. 1953-ல் அமெரிக்காவில் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' அமைப்பைத் தொடங்கியதில் பானம், பேக்கேஜிங் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-ல் அது வெளியிட்ட பெயர்பெற்ற விளம்பரம், மாசைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மக்கள்தான் என்றது. பாட்டிலைத் தயாரித்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பாலி உதாரணமும் என் பக்கம்தான் பேசுகிறது. அந்தச் சிறுமிகள் கரையைச் சுத்தம் செய்ததோடு நிற்கவில்லை. விமான நிலையத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பகல் முழுக்க உண்ணாவிரதம் இருந்தார்கள், ஆளுநரைச் சந்தித்து வாக்குறுதி வாங்கினார்கள். பொறுக்கியதால் தடை வரவில்லை, கேட்டதால் வந்தது.

சுண்ணக்கட்டி
ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன். நேர்கோடு ஐயா சொல்வது புத்திக்குச் சரி, வகுப்பறைக்கு எட்டாது. 830 கோடி டன் என்றால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு மணி நேரத்தில் தானே நிரப்பிய சாக்கைத் தூக்கிப் பார்த்தால் தோன்றும். குனியாமல் இந்தப் பாடம் ஏறாது.

ஆனால் எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டும். விழிப்புணர்வு நாள் என்று ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தோம். மறுநாள் எதுவும் மாறவில்லை. அந்த ஃபிளெக்ஸும் ஒருநாள் மட்டும் பயன்பட்ட பிளாஸ்டிக்தான் என்பது இப்போதும் உறுத்துகிறது. இந்த ஆண்டு எல்லாருக்கும் புதுத் துணிப்பை கொடுக்கலாம் என்று பேச்சு.

நேர்கோடு
துணிப்பையில் கொஞ்சம் பொறுங்கள் ஐயா. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பையைவிடப் புவி வெப்பமாதலில் அதன் பங்கு குறையும். வீட்டில் நாலு பை சும்மா தொங்கும்போது ஐந்தாவது எதற்கு? இருப்பதை எடுத்துவரச் சொன்னால் போதும்.

அள்ளியவர் மகள்
என் அம்மா தூய்மைப் பணியாளர். இருபது வருடம் அள்ளியவர். அதனால் எனக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பொறுக்கிக் குவித்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறீர்கள். திங்கட்கிழமை அந்தச் சாக்கை யார் தூக்குகிறார்கள்? ஈரமும் மண்ணும் பாட்டிலும் பாக்கெட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அப்படிக் கலந்ததைப் பழைய பொருள் எடுப்பவர் தொடமாட்டார். பளபளப்பான பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும், அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் அதற்கு விலையே கிடையாது. எந்தப் பாட்டில் விற்கும், எது விற்காது என்று அம்மா விரலால் தொட்டுச் சொல்வார். இருபது வருடத்தில் ஒரு பள்ளியும், ஒரு குழுவும் அவரைக் கூப்பிட்டு "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டதில்லை.

உங்கள் பிள்ளை ஒருநாள் குனிவது பற்றி இத்தனை வருத்தம். தினமும் குனிபவரைப் பற்றி இந்தத் திரியில் இதுவரை ஒரு வரி வரவில்லை.

கரையோரன்
அக்கா, நீங்கள் சொன்னது சுடுகிறது, ஆனால் உண்மை. நாங்களும் மூட்டையைச் சாலையோரம் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

நேர்கோடு ஐயாவுக்கு ஒன்று. 1986-ல் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய துப்புரவு முயற்சியில், பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் தாளில் குறித்தார்கள். இன்று உலகமெங்கும் அந்த வழக்கம் பரவியிருக்கிறது. 2024-ல் ஓர் ஆய்வு வந்தது: 84 நாடுகளில் தன்னார்வலர்கள் ஐந்தாண்டுகளில் எண்ணிக் குறித்த 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து, பெயர் தெரிந்த குப்பையில் பாதிக்கு மேல் வெறும் 56 நிறுவனங்களுடையது என்று காட்டினார்கள். யாரோ குனிந்து எடுத்து உறையைத் திருப்பிப் பெயரைப் படித்ததால்தான் அந்தப் பட்டியல். பொறுக்கினால் கம்பெனி தப்பிக்கும் என்கிறீர்கள். எண்ணிக்கொண்டே பொறுக்கினால் மாட்டிக்கொள்ளும்.

நேர்கோடு
எண்ணுவதை ஏற்கிறேன். அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட துண்டுகளில் பெயரே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியல் கையில் இருந்தும் என்ன நடந்தது? 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் பிளாஸ்டிக் ஒப்பந்தம் எழுத ஒப்புக்கொண்டன. 2024 இறுதியில் பூசானில் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டுமா என்ற இடத்திலேயே சிக்கி நிற்கிறது. அயர்லாந்து 2002-ல் பிளாஸ்டிக் பைக்கு வரி போட்டது, பயன்பாடு ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்தது. சட்டம் அசைந்தால் அளவு அசைகிறது. பிள்ளைகளின் தாளை எந்த மேசையில் வைக்கப்போகிறீர்கள் என்று சொன்னால்தான் நான் இறங்கி வருவேன்.

மூன்றாம் பெஞ்ச்
எனக்கு 16 வயது. எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பள்ளியில் நாங்கள் ஆறு பேர் இரண்டு வாரம் குப்பைத்தொட்டியை எண்ணினோம். பாக்கெட்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தோம். தண்ணீர் பாட்டில்தான் அதிகம். ஏன் என்று பார்த்தால், மேல்மாடிக் குடிநீர்க் குழாய் ரொம்ப நாளாகப் பழுது. கீழே வரிசையில் நிற்க நேரமில்லாமல் எல்லாரும் பாட்டில் வாங்குகிறார்கள். இது எந்த உறுதிமொழியாலும் தீராது. எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தோம், குழாயைச் சரிசெய்தார்கள். மறுபடி எண்ணினோம், பாட்டில் பாதிக்கும் கீழே வந்தது.

ஆனால் கூட்டத்தில் எங்களை உட்காரவிடவில்லை. ஒரு மிஸ் எங்கள் தாளை வாசித்தார். கேள்வி வந்தபோது அவருக்குப் பதில் தெரியவில்லை, நாங்கள் வெளியே வராந்தாவில் நின்றோம். எங்களைக் குனியச் சொல்வதில் வருத்தமில்லை. உள்ளே கூப்பிடாததுதான் வருத்தம்.

சுண்ணக்கட்டி
நன்று கண்ணு. எங்கள் அடுத்த கூட்டத்தில் மாணவர்களுக்கு இரண்டு நாற்காலி கேட்கப்போகிறேன்.

நேர்கோடு
தம்பியோ தங்கையோ, நான் கேட்ட மேசை இதுதான். பள்ளிக் குழாயிலிருந்து உற்பத்தி உச்சவரம்பு வெகுதூரம், அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அப்பாவிடம் நான் இருந்திருந்தால், மகளை அனுப்புங்கள், கையில் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள் என்றிருப்பேன்.

கரையோரன்
அடுத்த மாதம் பாதி நேரம் பொறுக்க, பாதி நேரம் பிரித்து எண்ண. எண்ணியதை உள்ளாட்சி உறுப்பினரிடம் பிள்ளைகளே கொண்டுபோய்ப் பேசட்டும். அக்கா, பிரிக்கச் சொல்லிக்கொடுக்க அம்மா வருவாரா?

அள்ளியவர் மகள்
கேட்டேன். வருகிறேன் என்றார். அவருக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் விடுப்பு, அதனால் கூலி உண்டா என்று கேட்கச் சொன்னார்.

கரையோரன்
உண்டு. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்கு என்ன தருவோமோ அதே.