ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

கேள்வி: 6 வயசுப் பையன், வயசான அம்மா, ஓட மொட்டைமாடி மட்டும்தான். இந்த ரெண்டு நாட்டு நாய் இனத்துல எந்தக் குட்டி சரிப்படும்?

பதில்: சிப்பிப்பாறை வேண்டாம். வேட்டை நாய், கேட் திறந்தா பூனை பின்னாடி பறந்துடும். ராஜபாளையம் வீட்டாரோட ஒட்டும். வெளியாளை லேசில் சேர்க்காது. அதுக்கும் தினம் நடை வேணும்.

பதில்: ராஜபாளையம்னா முதல்ல காதைச் சோதிங்க. வெள்ளைக் குட்டிகள்ல பிறவிச் செவிடு உண்டு. குட்டியை மத்த குட்டிகள்கிட்டருந்து கொஞ்சம் தனியா வச்சு, தூங்கும்போது பின்னால நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க. தரையைத் தட்டிப் பார்க்கிறது வீண்; அதிர்வுக்கே திரும்பிடும். 8 வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்டருந்து பிரிச்சா, விளையாட்டுல எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு பழகாமலே வரும்.

கேள்வி: ஊசி?

பதில்: பார்வோ (குட்டிகளுக்கு வர்ற கடுமையான வாந்தி, பேதி வைரஸ்) ஊசி 6–8 வாரத்துல ஆரம்பிச்சு, 3–4 வார இடைவெளியில 16 வாரம் வரை. ரேபிஸ் 3 மாசத்துல. முடியிறவரை தெருவுல இறக்காதீங்க.