அம்பத்தாறு ஆட்டமும் ஒட்டிக்கொண்ட சீட்டுகளும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் அம்பத்தாறு என்னும் சீட்டாட்டம் நடக்கும். ஆறு பேருக்கு இரண்டு கட்டு வேண்டும். இரண்டிலும் ஒன்பதுக்குக் கீழ் உள்ளவற்றைக் கழித்துவிட்டு, மீதி 48 சீட்டை நான்கு நான்காக ஆளுக்கு எட்டுப் போடுவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டு கிழிந்துபோக, முதுகில் அதே சிவப்புக் கோலம் போட்ட மலிவான கட்டு ஒன்றை வாங்கிச் சேர்த்தோம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் ஆனி மாதம் அது. எவ்வளவு கலைத்தாலும் புதுக்கட்டுச் சீட்டுகள் மூன்றும் நான்குமாக ஒட்டிக்கொண்டே வந்தன. முந்தைய ஆட்டத்தில் ஒரே பிடியில் விழுந்த இஸ்பேடுகள் பிரியாமல் அடுத்த ஆட்டத்தில் ஒருவர் கைக்கே போய்ச் சேர்ந்தன. சின்ன மாமா தாமே கலைத்துப் போட்டுத் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தபோது, "ஏனுங் மாமா, சீட்டைக் கலைக்கறீங்களா, அடுக்கறீங்களா?" என்று மச்சான் கேட்டுவிட்டார். அன்று காப்பி குடிக்காமலே எல்லோரும் எழுந்து போனார்கள்.

அடுத்த மாதம் கோவையிலிருந்து வந்த தங்கை மகன் 'பைசைக்கிள்' என்ற பெயருள்ள சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து வந்தான். அமெரிக்காவில் 1885 முதல் அச்சாகும் சீட்டு அது. பெட்டியில் 'ஏர் குஷன்', அதாவது காற்று மெத்தை என்று போட்டிருந்தது. டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தால் நெய்த துணியைப் போல மேற்பரப்பு முழுவதும் பொடிக் குழிகள் தெரிந்தன. அவற்றில் காற்று தங்குவதால் சீட்டின் மேல் சீட்டு முழுமையாகப் படியாமல் வழுக்கி நகர்கிறது. எங்கள் மலிவுக் கட்டோ வார்னிஷ் பூசிய வழவழப்புத் தாள். ஈரம் பட்டதும் கண்ணாடித் துண்டுகளைப் போலக் கவ்விக்கொண்டது. இரண்டிலும் ஒவ்வொன்றைக் கிழித்தும் பார்த்தோம். பைசைக்கிளில் இரண்டு தாள்களுக்கு நடுவே, வெளிச்சம் ஊடுருவாமலிருக்க வைத்த கரும்பசை கோடாகத் தெரிந்தது. மற்றது ஒற்றை அட்டை. விளக்குக்கு எதிரே பிடித்தால் ராணியின் நிழல் முதுகுப் பக்கம் தெரிந்தது. மாமாவின் மீதிருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது, மச்சான் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும்.

நல்ல பூச்சும் நிலைப்பதில்லை. ஓர் ஆண்டு ஆடிய பின், கழித்துவைத்திருந்த ஏழாம் எண் சீட்டையும் நாள்தோறும் கைபட்ட ஜாக்கியையும் மேசையில் ஒரே விசையில் தள்ளிப் பார்த்தேன். ஏழு விளிம்பு வரை ஓடியது, ஜாக்கி ஒரு சாண் தூரத்தில் நின்றது. மறுபடி வழுக்கட்டும் என்று பவுடர் தூவியதில் குழிகள் அடைந்து, மழைநாளில் பசையானதுதான் மிச்சம்.

பிளாஸ்டிக் சீட்டும் வாங்கினேன். நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், உப்புவதில்லை. ஆனால் அடுக்கிய கட்டு தானாகச் சரிகிறது, ஒருமுறை மடங்கினால் தழும்பு போவதில்லை. எனவே ஆனி, ஆடியில் துண்டு விரித்துப் பிளாஸ்டிக்கும் மற்ற மாதங்களில் தாளும் ஆடுகிறோம். தை மாதத்து வறண்ட கீழைக்காற்றில் தாள் சீட்டு வில்லாக வளைகிறது என்று இப்போது முறையிடுபவர் சின்ன மாமாதான்.